கடிகாரம் காண்பதும் கருதுவதும்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை அளவைகளை நம் இலக்கண நூலார் வகுத்துக் கூறினர். ஆட்டை எண்ணுகிறோம், மிளகாயை எடுத்து நிறுக்கிறோம், எண்ணெயை முகக்கிறோம், துணியை நீட்டி அளக்கிறோம். இந்நான்கினுள் எதனாலும் நேரே அளக்க இயலாத பொருள் ஒன்று உண்டு. அது நம் உடம்பினுள் எரிந்துகொண்டிருக்கும் வெப்பம். நடக்கும்போதும், மண்வெட்டி பிடிக்கும்போதும், உறங்கும்போதும்கூட அது எரிந்தவண்ணமே இருக்கிறது. அதனை அளந்து சொல்வதாகக் கூறிக்கொண்டு ஒரு சிறு கருவி இன்று நம் மணிக்கட்டில் ஏறி அமர்ந்திருக்கிறது. கடைக்காரர் அதனை ஸ்மார்ட் வாட்ச் என்பர். நாம் திறன் கைக்கடிகாரம் என்கிறோம்.

இக்கருவி கூறும் கணக்குகளுள் எதனை நம்பலாம், எதனை நம்பலாகாது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை ஆராயுமாறு என்னைத் தூண்டியது நூலறிவு அன்று. நான் பட்ட அனுபவமே. அதனை முதற்கண் கூறிவிடுகிறேன்.

என் கணக்கு

எனக்கு ஐம்பத்தாறு வயது. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு இனிப்புநீர் நோய் கண்டது. எடை 78 கிலோ. மாத்திரையோடு நாள்தோறும் நடக்கவும் வேண்டும் என்றார் மருத்துவர். அதைக் கேட்ட என் மகள் ஒரு திறன் கைக்கடிகாரம் வாங்கித் தந்தாள்.

மாலையில் பள்ளித் திடலையும் செம்பனைக் காட்டுச் சாலையையும் சுற்றி ஒரு மணி நேரம் நடப்பேன். நடை முடிந்ததும் 400 கலோரி எரிந்ததாகக் கடிகாரம் காட்டும். தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனைப் போல் மகிழ்ந்து, நேரே சாலை முனைக் கடைக்குப் போவேன். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். 'எரித்ததைத்தானே உண்கிறேன், வரவும் செலவும் சரி' என்பது என் கணக்கு. வீட்டில் கேட்டால் கடிகாரத்தை நீட்டிக் காட்டுவேன்.

மூன்று திங்கள் கழித்து மருந்தகத்தில் நிறுத்துப் பார்த்தபோது எடை 2 கிலோ கூடியிருந்தது. இரத்தச் சர்க்கரையும் குறையவில்லை. "சார், நடக்கிறீங்களா இல்லையா?" என்று கேட்டார் மருத்துவர். "ஒரு நாளும் தவறியதில்லை, டாக்டர்" என்றேன். உடன் வந்திருந்த என் மனைவி, "நடக்கிறார் டாக்டர். ஆனா கடிகாரம் சொல்ற அளவுக்குச் சாப்பிடவும் செய்றார்" என்றார். மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் எங்கே பிழைத்தேன் என்று அறிய விரும்பினேன்.

இது என் ஒருவனுடைய செய்தியாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 2023ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் நோய் இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். நம்மவரிடையே இந்நோய் மிகுதி என்பதும் யாவரும் அறிந்ததே. ஆதலின் கடிகாரத்தின் கணக்கை நம்பி உண்போர் பலராக இருத்தல் கூடும்.

கலோரி என்பது யாது?

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பமே உணவு நூலார் வழங்கும் ஒரு கலோரி. பௌதிக நூலில் இதற்குக் கிலோ கலோரி என்று பெயர். ஒரு கிராம் மாச்சத்தோ புரதமோ உடலுக்குச் சுமார் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும்.

உயிருள்ள உடல் எரிக்கும் வெப்பத்தை அளக்க முதன்முதலில் முயன்றோருள் தலையாயவர் பிரான்சு நாட்டு அறிஞர் லவோய்சியர். 1780களில் அவரும் லப்லாசும் சேர்ந்து, பனிக்கட்டி சூழ்ந்த கலம் ஒன்றினுள் ஒரு கினிப் பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகிற்று என்று நிறுத்துப் பார்த்தனர். மூச்சு விடுதலும் ஒருவகை எரிதலே என்னும் பேருண்மை இதனால் வெளிப்பட்டது. பின்னர் செகுவின் என்னும் துணைவரைக் கொண்டு, வேலை செய்யும்போது மனிதன் உட்கொள்ளும் உயிர்வளி மிகுதியாகிறது என்றும் லவோய்சியர் கண்டார். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1794இல், அவர் உயிர் பறிக்கப்பட்டது. அவர் இட்ட அடிப்படையோ இன்றும் நிற்கிறது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்பவர், மனிதன் நாட்கணக்கில் தங்கி உண்டு, உறங்கி, மிதிவண்டி மிதிக்கத்தக்க அடைப்பறை ஒன்றை அமைத்து, அவன் உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். இன்று ஆராய்ச்சிக் கூடங்களில் பெரிதும் வழங்குவது முகமூடி முறை. உள்ளே சென்ற உயிர்வளி எவ்வளவு, வெளியே வந்த கரியமில வாயு எவ்வளவு என்று முகமூடி வழியே அளப்பர். ஒரு லிட்டர் உயிர்வளி செலவானால் ஏறக்குறைய 5 கலோரி வெப்பம் எரிந்தது என்பது கணக்கு.

ஈண்டு நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. உடல் எரிக்கும் வெப்பத்தை அறிய, வெப்பத்தையேனும் மூச்சையேனும் அளத்தல் வேண்டும். நம் கைக்கடிகாரமோ இவ்விரண்டில் எதனையும் அளப்பதில்லை. பின் எதனை அளக்கிறது?

கடிகாரம் காண்பவை

கடிகாரத்தைக் கழற்றி அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். பச்சை நிறத்தில் ஓர் ஒளி மின்னும். இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருள் பச்சை ஒளியை நன்கு விழுங்கும் இயல்புடையது. நெஞ்சு துடிக்குந்தோறும் தோலின் அடியிலுள்ள நுண் குழாய்களில் இரத்தம் பெருகுகிறது. அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணம் இரத்தம் வடிகிறது, ஒளி கூடுகிறது. இவ்வேற்றக் குறைவுகளை எண்ணி நாடித் துடிப்பைச் சொல்கிறது கடிகாரம்.

கடிகாரத்தின் உள்ளே முடுக்கமானி என்னும் நுண்ணிய உறுப்பு ஒன்றும் உண்டு. கை அசையும் வேகத்தையும் திசையையும் அது உணரும். நடக்கையில் கை வீசும் ஒழுங்கைக் கொண்டு அடிகளை எண்ணும். பல கடிகாரங்கள் செயற்கைக் கோள்களின் துணையால் நாம் கடந்த தொலைவையும் அறிகின்றன.

ஆக, கடிகாரம் அறிபவை நாடி, கையசைவு, இடம் ஆகியவை. இவற்றோடு நாம் எழுதிக் கொடுத்த வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்னும் விவரங்களும் அதனிடம் உள்ளன. இவற்றையெல்லாம் ஒரு வாய்பாட்டில் இட்டு, 'இத்தகைய உடலுடையார் இவ்வளவு துடிப்போடு இவ்வளவு அசைந்தால், பெரும்பாலும் இவ்வளவு கலோரி எரியும்' என்று ஒரு முடிவுக்கு வருகிறது. அந்த முடிவே நாம் திரையில் காணும் எண்.

புகையும் தீயும்

சித்தாந்த நூல்களைப் பயின்ற அன்பர்கள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை அறிவர். கண்ணால் கண்டு அறிவது காண்டல். மலைமேல் புகை கண்டு அங்கே தீ உண்டு என்று உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் சொல்லைக் கொண்டு அறிவது உரை. இப்பாகுபாட்டைக் கடிகாரத்தின்மேல் வைத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். நாடித் துடிப்பு கடிகாரத்திற்குக் காண்டல். கலோரியோ கருதல்.

புகை உண்டெனின் தீ உண்டு என்பது உறுதி. ஆனால், புகையின் அளவைக் கொண்டு தீயின் அளவைச் சொல்லப் புகுந்தால் தவறு நேரும். ஈர விறகு சிறு தீயிலும் பெரும் புகை விடும். காய்ந்த விறகு பெருந்தீயிலும் சிறு புகையே விடும். அடுப்பு ஊதிய நம் தாய்மார்க்கு இது தெரியும். கடிகாரத்திற்குத் தெரியாது.

நாடித் துடிப்பு மிகுவதற்கு உழைப்பு ஒன்றே காரணம் அன்று. நம் நாட்டு வெயிலில் நடக்கும்போது, உடலைக் குளிர்விப்பதற்காக நெஞ்சு மிகுதியான இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வேலை அதே அளவாயினும் துடிப்பு கூடும். கடுங்காப்பி குடித்தாலும், கல்வி அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து நின்றாலும் துடிப்பு கூடும். இவை ஈர விறகுகள். மாறாக, இரத்த அழுத்தத்திற்காகச் சிலர் உண்ணும் மாத்திரைகளுள் ஒருவகை, துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருக்கும். நெடுநாள் ஓடிப் பழகியவர் நெஞ்சும் மெல்லவே துடிக்கும். இவை காய்ந்த விறகுகள்.

கையசைவும் அவ்வாறே. வெட்டிய செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி மேட்டில் தள்ளிச் செல்லும் தொழிலாளியின் கைகள் பிடியைப் பற்றி அசையாது இருக்கும். அவர் நடந்த அடிகள் பலவற்றைக் கடிகாரம் விட்டுவிடக்கூடும். வண்டியின் பாரமோ அதற்குத் தெரியவே தெரியாது. நாற்காலியில் அமர்ந்து தாளம் போடுபவர்க்குச் சில வேளை நடந்ததாகக் கணக்கு எழுதிவிடும்.

வாரைத் தளர்வாகக் கட்டினால் வெளி ஒளி புகுந்து நாடிக் கணக்கும் கெடும். கட்டும் இடத்தில் கருமையாகப் பச்சை குத்தியிருந்தாலும் ஒளி தடைப்படும். ஓடும்போது சில வேளை கடிகாரம் நாடியை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தையே நாடியென்று எண்ணுவதும் உண்டு.

ஆராய்ச்சிகள் கூறுவது

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு வகைக் கருவிகளைச் சோதித்தனர். அவர்களை உட்காரவும், நடக்கவும், ஓடவும், மிதிவண்டி மிதிக்கவும் செய்து, நாடியை இதய மின்வரைவாலும் கலோரியை முகமூடி முறையாலும் உடன் அளந்தனர். நாடிக் கணக்கில் ஏழினுள் ஆறு கருவிகளின் பிழை நூற்றுக்கு 5க்கு உட்பட்டிருந்தது. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியின் பிழையே சராசரி நூற்றுக்கு 27. மிகத் தாழ்ந்ததன் பிழை நூற்றுக்கு 93.

அதன் பிறகு கருவிகள் திருந்தியிருக்கலாமே என்று கேட்பது முறை. ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்தைப் பற்றி வெளிவந்த 56 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி, மிசிசிப்பி பல்கலைக்கழகத்தார் 2025இல் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். நாடியில் பிழை நூற்றுக்குச் சுமார் 4. அடி எண்ணிக்கையில் சுமார் 8. கலோரியில் சுமார் 28. இவ்வெண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே போதும். காண்டலுக்கு அருகில் இருப்பது நம்பத்தக்கதாகவும், கருதலுக்கு அருகில் இருப்பது ஐயத்திற்குரியதாகவும் அமைந்திருப்பது புலனாகும்.

கருநிறத் தோலில் பச்சை ஒளி நன்கு வேலை செய்யுமா என்னும் கேள்வி நமக்கு உரியது. ஸ்டான்போர்டு ஆய்வில் கருமை மிகுந்த தோலில் பிழை சற்றுக் கூடிற்று. ஆனால் 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் பல நிறத்தாரான 53 பேரிடம் செய்த சோதனையில், நிறத்தால் நாடிக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓய்வாக இருக்கும்போது நேரும் பிழையைவிட, அசையும்போது நேரும் பிழை சராசரி நூற்றுக்கு 30 மிகுதி என்பதே அதில் தெளிவாயிற்று.

மூன்றாம் அளவையாகிய உரையையும் சற்று நோக்குவோம். கலோரிக்கு எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பல நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதில்லை. வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் இடுவதில்லை. கடிகாரத்திற்கு மட்டும் ஏன் இடவேண்டும்?

கணக்கைத் திருத்துதல்

இனி என் கணக்கிற்கு வருகிறேன். சும்மா இருக்கும் உடல், ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1 கலோரி எரிக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை அதனைப்போல் மூன்றரை மடங்கு. என் எடை 78 கிலோ. ஆகவே ஒரு மணி நடைக்கு 273 கலோரி. ஆயின், நடக்காமல் நாற்காலியில் இருந்திருந்தாலும் 78 கலோரி எரிந்தே இருக்கும். அதனைக் கழித்தால், நடையினால் எனக்குக் கிடைத்த ஆதாயம் 195 கலோரியே. கடிகாரம் காட்டியதோ 400.

இங்கே இரு பிழைகள் கலந்துள்ளன. ஒன்று, கடிகாரம் மிகுத்துக் கருதியது. மற்றொன்று, எது செய்யாவிட்டாலும் எரிந்திருக்கும் வெப்பத்தையும் நடையின் கணக்கில் நான் வரவு வைத்தது. சில கடிகாரங்கள் மொத்தக் கலோரி வேறு, உழைப்பின் கலோரி வேறு எனப் பிரித்துக் காட்டும். நான் அந்த வேறுபாட்டைப் பார்க்கவே இல்லை.

ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. தே தாரிக்கில் இரண்டு மேசைக் கரண்டி சீனிப்பால் ஊற்றினால் அதற்குச் சுமார் 120. ஆக, 195 செலவிட்டு 400க்கு மேல் வரவு வைத்தேன். நாளொன்றுக்கு 200 மிகுந்தாலும் 90 நாளில் 18,000. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம் என்பர். வகுத்துப் பாருங்கள், மருந்தகத்துத் தராசு காட்டிய 2 கிலோ எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். என் இக்கணக்கும் சராசரியைக் கொண்டு கருதியதே. ஆயினும் தராசு அதற்குச் சாட்சி சொல்கிறது, தராசு காண்டல்.

அங்ஙனமாயின் கடிகாரம் வீணோ?

வீண் அன்று. 2016இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், எடை குறைக்க முயன்ற சுமார் 470 இளையோரை இரு பிரிவாக்கினர். இரண்டாண்டு முடிவில், கருவி அணியாதார் சராசரி 5.9 கிலோவும், கையில் கருவி அணிந்தார் 3.5 கிலோவும் குறைந்திருந்தனர். கருவி இருந்தும் குறைவாகவே பயன் கண்டனர். இதற்குக் காரணம் இன்னதென்று அவ்வாய்வு உறுதி செய்யவில்லை. ஆனால் கருவியைக் கட்டுவது மட்டுமே எடையைக் குறைத்துவிடாது என்பது தெளிவு.

மறுபுறம், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2022இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள் வெளியிட்ட தொகுப்பு, இத்தகைய கருவி அணிந்தோர் நாளொன்றுக்குச் சுமார் 1,800 அடி மிகுதியாக நடந்தனர் என்கிறது. எழுந்து நடக்கத் தூண்டுவதில் கடிகாரம் நல்ல துணைவன். நேற்றைய நடையோடு இன்றைய நடையையும், சென்ற மாதத்தோடு இம்மாதத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவதிலும் அது உதவும். ஒரே கை, ஒரே கடிகாரம், ஒரே வழி என்றால், மிகுதியாகக் காட்டும் கருவியும் பெரும்பாலும் ஒரே பாங்கில் மிகுதியாகக் காட்டும். ஆதலின் ஏற்றமும் இறக்கமும் புலப்படும். பிறர் கடிகாரத்தோடு நம் கடிகாரத்தை ஒப்பிடுவதும், அதன் கலோரியைப் பார்த்து உண்பதுமே தவிர்க்கத்தக்கவை.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

ஆசிரிய நண்பர்கள் இதனை மாணவர்க்குச் செய்து காட்டலாம். பள்ளியில் ஓர் ஆசிரியரிடம் இக்கடிகாரம் இருந்தால் போதும். மாணவன் ஒருவன் கையில் கட்டி, மற்றொருவன் அவனது மறு கையில் விரல் வைத்து 30 வினாடி நாடி பார்த்து இரண்டால் பெருக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை, திடலைச் சுற்றி ஓடி வந்தவுடன் ஒருமுறை. இரு விடைகளையும் பலகையில் எழுதி, நூற்றுக்கு எவ்வளவு பிழை என்று கணக்கிடச் செய்க.

அடுத்து, 500 அடி எண்ணி நடக்கச் செய்து கடிகாரத்தைப் பார்க்க. பின்னர் இரு கைகளாலும் புத்தகக் கட்டை மார்போடு அணைத்தபடி மீண்டும் 500 அடி. எண் ஏன் மாறிற்று என்று மாணவரையே கேளுங்கள். விழுக்காடு, நாடி, அளவைப் பிழை ஆகிய மூன்று பாடமும் ஒரே மணி நேரத்தில் நடந்துவிடும்.

கலோரி எண்ணை வைத்துப் பிள்ளைகளுக்குள் போட்டி நடத்துவது மட்டும் வேண்டா. எடை மிகுந்த பிள்ளைக்கு எண் தானே மிகும். மெலிந்த பிள்ளை எவ்வளவு ஓடினாலும் தாழும். வளரும் பருவத்தில் உணவை எண்ணால் அளந்து குறைக்கும் பழக்கத்தை நாமே ஊட்டுதல் தகாது.

நான் இன்றும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டுதான் நடக்கிறேன். நாடியைப் பார்க்கிறேன், அடிகளைப் பார்க்கிறேன், கலோரி காட்டும் பக்கத்தைத் திறப்பதில்லை. கடைக்குப் போகும் நாளில் சீனிப்பால் இல்லாத தேநீர் ஒன்றோடு எழுந்துவிடுகிறேன். திங்களுக்கு ஒருமுறை மருந்தகத்துத் தராசில் ஏறி நிற்கிறேன். முன்பு கூடிய 2 கிலோவும் குறைந்து, அதற்குமேல் ஒரு கிலோவும் இறங்கியிருக்கிறது. சர்க்கரையும் தணிந்து வருகிறது.

எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும், 'இதனை நீ கண்டாயா, கருதினாயா?' என்று கேட்கும் பழக்கத்தை நாமும் கொள்வோம். நம் மாணவர்க்கும் கற்பிப்போம்.